ஒரே கணினியில் பல சென்சார்கள்: பெயர் சூட்டிய பிறகே வயலுக்கு

ஊத்தங்கரை வட்டம் சாமல்பட்டிப் பகுதியில் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் நம்பித் தக்காளி, மிளகாய், கத்தரி பயிரிடும் சிறு விவசாயிகள் ஏராளம். கோடை முற்றும்போது மோட்டார் ஓடும் நேரம் குறைந்துகொண்டே வரும். அப்போது எந்தப் பகுதிக்கு முதலில் நீர் விடுவது, எதை நாளைக்கு ஒத்திப்போடுவது என்பதே பெரிய கேள்வியாகி விடுகிறது. இதில் ஒரு முறை தவறினால் பூ கொட்டும். இரண்டு முறை தவறினால் அந்தப் பட்டத்து வருமானமே போய்விடும்.

மண்ணின் ஈரத்தையும் காற்றின் வெப்பத்தையும் அளந்து சொல்லும் சென்சார் என்னும் உணர்கருவிகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவுகின்றன. அவற்றை உள்ளங்கை அளவுள்ள ஒற்றை அட்டைக் கணினியுடன் இணைத்துவிட்டால், நிலத்தின் நான்கு மூலைச் செய்தியும் ஓரிடத்தில் கிடைக்கும். இவ்வகைக் கணினிகளில் பலரும் அறிந்தது ராஸ்பெர்ரி பை. பள்ளிப் பிள்ளைகள் கணினி கற்பதற்கென்று 2012இல் இங்கிலாந்தில் வெளியிடப்பட்ட இந்த அட்டை, இன்று உலகெங்கும் வயல்களிலும் பசுமைக்குடில்களிலும் வேலை செய்கிறது.

ஒரு சென்சாரை இணைப்பது எளிது. ஒரே மாதிரியான நான்கு சென்சார்களை இணைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தச் சிக்கலையும் அதைத் தீர்க்கும் வழிகளையும் இங்கே காண்போம்.

ஒன்று ஏன் போதாது?

சாமல்பட்டியைச் சுற்றியுள்ள நிலம் ஒரே சீரானது அல்ல. கருங்கல் வகைகளோடு சயனைட், பைராக்சினைட், சுண்ணாம்பு மிகுந்த கார்பனடைட் ஆகிய பாறைகளும் இங்கே அருகருகே காணப்படுவதை நிலவியல் அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். பாறை மாறினால் மண்ணும் மாறும். ஒரே ஏக்கரில் மேட்டுப் பக்கம் சரளை கலந்த செம்மண்ணாகவும், பள்ளத்தில் களி கலந்த மண்ணாகவும் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சரளை மண் விட்ட நீரை விரைவில் இழக்கும். களி மண் பல நாள் வைத்திருக்கும். பள்ளத்தில் ஒரே ஒரு சென்சாரைப் புதைத்து விட்டு அது சொல்வதை முழு நிலத்துக்கும் பொருத்தினால் மேட்டுச் செடிகள் காயும். மேட்டில் புதைத்தால் பள்ளத்தில் வேர் அழுகும்.

எனவே, மண் மாறும் இடந்தோறும் ஒரு சென்சார் வேண்டும். ஒரு சென்சாரை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டியிருப்பதால் எல்லாம் ஒரே வகையாக இருத்தல் நல்லது. ஆனால் ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதிரி செய்யப்பட்ட கருவிகளைக் கணினி எப்படிப் பிரித்தறியும்?

நான் செய்த தவறு

சாமல்பட்டிக்கு அருகே ஒரு தக்காளித் தோட்டத்தில் நான்கு மண் ஈர சென்சார்களை இணைத்துச் செயல்விளக்கம் காட்டச் சென்றிருந்தேன். தனித்தனியே சோதித்தபோது நான்கும் சரியாக வேலை செய்தன. ஊரார் கூடியிருக்க, நான்கையும் ஒரே கம்பியில் சேர்த்துக் கணினியை இயக்கினேன். திரையில் பிழை என்ற சொல் மட்டுமே வந்தது.

காரணம் எளிது. அந்த வகைச் சென்சார்கள் எல்லாமே தொழிற்சாலையிலிருந்து 1 என்ற எண்ணோடுதான் வருகின்றன. கணினி, "எண் 1, உன் அளவு என்ன?" என்று கேட்டதும் நான்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லின. நான்கு குரலும் மோதி ஒன்றும் புரியாமல் போயிற்று.

அங்கிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏன் சார், நாலு கன்னுக்கும் லட்சுமின்னே பேரு வெச்சுட்டு, லட்சுமி வான்னு கூப்பிட்டா எந்தக் கன்னு வரும்?" இதைவிடத் தெளிவாக அந்தச் சிக்கலை எந்தப் பாடப்புத்தகமும் விளக்கியதில்லை.

மறுநாள் நான்குக்கும் 1, 2, 3, 4 என எண் மாற்றி எடுத்துச் சென்றேன். ஆனால் எந்த எண் எந்தக் கருவி என்பதைக் கருவியின் மேல் எழுதி ஒட்டவில்லை. புதைக்கும்போது 2ஆம் எண்ணும் 3ஆம் எண்ணும் இடம் மாறிப் போயின. சரளைப் பகுதியில் இருப்பதாக நாங்கள் நம்பிய கருவி, உண்மையில் பள்ளத்தில் இருந்தது. அது ஈரம் இருக்கிறது என்று நாள்தோறும் காட்டியது. நாங்களும் சரளைப் பகுதியின் வால்வைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் அந்த வீட்டு அம்மா என்னிடம் கேட்டார்: "மிஷின் ஈரம்ங்குது, செடி தாகம்ங்குது. நாங்க யார் சொல்றதக் கேக்கறது சார்?" சொல்லிவிட்டுக் களைக்கொத்தால் செடியோரம் தோண்டிக் காட்டினார். ஒரு சாண் ஆழத்திலும் மண் பொடியாக உதிர்ந்தது. அந்த வரிசைகளில் பூ உதிர்ந்ததோடு நிற்கவில்லை. பின்னர் வந்த காய்களிலும் அடிப்பாகம் கறுத்து அழுகும் கோளாறு தோன்றியது. நீர் சீராகக் கிடைக்காதபோது தக்காளிச் செடியால் சுண்ணாம்புச் சத்தைக் காய்க்குக் கொண்டு சேர்க்க முடியாமல் போவதே இதற்குக் காரணம்.

கருவி பொய் சொல்லவில்லை. நான்தான் பெயரை மாற்றி வைத்திருந்தேன்.

சென்சார்களில் நான்கு வகை

பெயர் விஷயத்தில் சென்சார்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இராது.

1. பிறவியிலேயே பெயர் உள்ளவை: வெப்பம் அளக்கும் டி.எஸ். 18பி20 என்னும் சென்சார் இவ்வகை. ஒவ்வொன்றின் உள்ளேயும் 64 பிட் நீளமுள்ள தனி எண் தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுகிறது. ஆகவே பல சென்சார்களை ஒரே கம்பியில் கோக்கலாம். மூன்று கம்பிகள் மட்டுமே உண்டு: ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று செய்திக் கம்பி. எல்லாச் சென்சார்களின் ஒத்த கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து, செய்திக் கம்பியை ராஸ்பெர்ரி பையின் 7ஆவது ஊசியில் இணைக்க வேண்டும். செய்திக் கம்பிக்கும் 3.3 வோல்ட் கம்பிக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று அவசியம். எத்தனை சென்சார் இருந்தாலும் ரெசிஸ்டர் ஒன்றே போதும். இதை மறந்தால் ஒரு சென்சாரும் தெரியாது. கணினியின் அமைப்பில் ஒற்றைக் கம்பி முறையை இயக்கியதும், 28 என்று தொடங்கும் நீண்ட எண்கள் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒன்றாகத் தோன்றும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பட்டுப்புழு வளர்ப்போருக்கு இது மிகவும் ஏற்றது. முதிர் புழுக்களுக்கு 24 முதல் 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் உகந்தது. ஆனால் வளர்ப்பு மனையின் மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை. மேல், நடு, கீழ் என மூன்று தட்டிலும் ஒவ்வொன்று தொங்கவிட்டால் எங்கே சூடு தேங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

2. இரண்டே பெயர் உள்ளவை: காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒருங்கே அளக்கும் எஸ்.எச்.டி. 31 போன்றவை இவ்வகை. இவை ஐ2சி என்னும் இணைப்பு முறையில் பேசுகின்றன. இச்சென்சாருக்கு 44 அல்லது 45 என்ற இரு எண்களில் ஒன்றை மட்டுமே தர முடியும். இரண்டு சென்சார் வரை தொல்லையில்லை. மூன்றாவதைச் சேர்த்தால் பெயர் மோதும். அதற்கு டி.சி.ஏ. 9548ஏ என்னும் பிரிப்பான் அட்டை கிடைக்கிறது. இதில் எட்டுக் கதவுகள் உண்டு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு சென்சாரை வைத்துவிட்டு, கணினி ஒரு கதவைத் திறந்து கேட்டு, மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும். கதவுகள் வேறாதலால் உள்ளே இருப்பவை ஒரே பெயர் கொண்டிருந்தாலும் குழப்பமில்லை. ஆனால் இந்த இணைப்பு முறை ஒரு பெட்டிக்குள் இருக்கும் கருவிகளுக்காக ஏற்பட்டது. ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் கம்பி நீண்டால் நம்ப முடியாது. சிறு அறைக்கு ஏற்றது, வயலுக்கு ஏற்றதல்ல.

3. பெயரே இல்லாதவை: விலை குறைந்த கெப்பாசிட்டிவ் மண் ஈர சென்சார்கள் இவ்வகை. இவை எண் எதுவும் சொல்லாமல் ஈரத்துக்கேற்பக் கூடிக் குறையும் மின்னழுத்தத்தை மட்டும் தருகின்றன. ராஸ்பெர்ரி பையால் இந்த ஏற்ற இறக்கத்தை நேரடியாகப் படிக்க முடியாது. இடையே ஏ.டி.எஸ். 1115 என்னும் மாற்றி அட்டை வேண்டும். இதில் நான்கு வாசல்கள் உண்டு. எந்த வாசலில் செருகுகிறோமோ அதுவே அந்தச் சென்சாரின் பெயர். இந்த அட்டைக்கு நான்கு வெவ்வேறு எண்கள் தர முடியுமாதலால், நான்கு அட்டைகளில் 16 சென்சார்கள் வரை இணைக்கலாம். கம்பியைக் கழற்றி வேறு வாசலில் செருகினால் பெயரும் மாறிவிடும் என்பதை மறக்கக்கூடாது. இரு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் மலிவான சென்சார்களை வாங்க வேண்டாம். மண்ணில் மின்சாரம் பாயப் பாய அவை அரித்துப் போகும்.

4. நாம் பெயர் வைக்க வேண்டியவை: எனக்குப் பாடம் புகட்டியது இந்த வகைதான். ஆர்.எஸ். 485 என்னும் இரட்டைக் கம்பியில் மோட்பஸ் முறையில் பேசும் இவை வயலுக்கு மிகவும் பொருத்தமானவை. 1,200 மீட்டர் வரை கம்பி இழுக்கலாம். ஒரே கம்பியில் 32 கருவிகள் வரை சேர்க்கலாம். 1 முதல் 247 வரை எந்த எண்ணையும் பெயராகத் தரலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சென்சாரை மட்டும் கணினியில் இணைத்து, அதன் எண்ணை மாற்றி, கழற்றிய பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். கம்பியை ஒரே நீளமாக, ஒரு சென்சாரிலிருந்து அடுத்ததற்கு என்று கொண்டு செல்ல வேண்டும். மரக்கிளை போல நாலாபக்கமும் பிரிக்கக்கூடாது. கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுவது செய்தி சிதறாமல் காக்கும்.

மோட்பஸ் 1979இல் தொழிற்சாலை இயந்திரங்களுக்காகப் பிறந்த முறை. ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைகளில் மின்பிரிவிலும் பராமரிப்புப் பிரிவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இது பழகிய சங்கதி. "உங்க தோட்டத்து வேலைக்கு நாங்க எதுக்கு?" என்று கேட்கும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். ஷிப்டு முடித்து வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்துவிடுவார்.

பெயர் சூட்டும் முறை

எந்த வகையானாலும், வயலுக்குக் கொண்டு போகும் முன் வீட்டுத் திண்ணையில் கீழ்க்கண்டவாறு செய்ய வேண்டும்.

ஒரு சென்சாரை மட்டும் இணைத்துக் கணினி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே எண்ணை அழியாத மையால் எழுதிச் சென்சாரின் தலையில் ஒன்று, கம்பியின் மறுமுனையில் ஒன்று என இரு இடத்தில் ஒட்டுங்கள். ஓர் ஓரத்தில் ஒட்டினால் போதாது. சென்சார் மண்ணுக்குள் போய்விட்டால் மறுமுனைச் சீட்டு ஒன்றே சாட்சி.

எல்லாச் சென்சார்களையும் இணைத்த பிறகு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வெப்ப சென்சாரானால் ஒன்றை மட்டும் உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள். மண் ஈர சென்சாரானால் ஒன்றை மட்டும் ஈர மண் நிரப்பிய டப்பாவில் செருகுங்கள். திரையில் எந்த எண்ணின் அளவு மாறுகிறதோ, அதுவும் கையிலுள்ள சீட்டும் ஒத்துப்போக வேண்டும். வயலில் புதைத்த பிறகும் ஒவ்வொன்றின் அருகே ஒரு செம்பு நீர் ஊற்றி இதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். இதை அன்று நான் செய்திருந்தால் அந்தத் தக்காளி வரிசைகள் தப்பியிருக்கும்.

அடுத்து, எல்லாமே ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். வெப்ப சென்சார்கள் அனைத்தையும் நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த ஒரே டம்ளரில் வைத்தால் சுழியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். டி.எஸ். 18பி20க்கு அரை டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது அதன் வரையறை. எனவே இரண்டுக்கிடையே ஒரு டிகிரி வரை வேறுபாடு இருந்தால் கவலை வேண்டாம். வேறுபாட்டைக் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ளலாம். 85 டிகிரி என்று காட்டினால் வெப்பம் ஏறிவிட்டதென்று பதற வேண்டாம். அது மின்சாரம் வந்தவுடன் சென்சாரில் இருக்கும் தொடக்க எண். கம்பி இணைப்பைச் சரிபாருங்கள்.

மண் ஈர சென்சாருக்கு மண்ணே அளவுகோல். சென்சார் அருகிலிருந்து 100 கிராம் மண் எடுத்து, 105 டிகிரியில் ஒரு நாள் முழுவதும் உலர்த்தி எடைபோட வேண்டும். எடை 85 கிராமாகக் குறைந்தால் போன நீர் 15 கிராம். பதினைந்தை எண்பத்தைந்தால் வகுத்தால் ஈரம் ஏறக்குறைய 17.6 சதவீதம். அப்போது சென்சார் காட்டிய எண்ணை இதனோடு சேர்த்து எழுதுங்கள். மண் காய்ந்தபோது ஒரு முறையும், நீர் விட்ட மறுநாள் ஒரு முறையும் இவ்வாறு செய்தால் அந்த மண்ணில் எந்த எண்ணுக்கு நீர் விட வேண்டும் என்பது தெரியும். சரளை மண்ணுக்கும் களி மண்ணுக்கும் இதைத் தனித்தனியே செய்தல் வேண்டும்.

வயலில் கவனிக்க வேண்டியவை

தக்காளிக்குச் சொட்டுவானிலிருந்து ஒரு சாண் தள்ளி, 15 செ.மீ. ஆழத்தில் ஒன்றும் 30 செ.மீ. ஆழத்தில் ஒன்றும் வைப்பது நலம். மேல் சென்சார் எப்போது நீர் விடுவது என்று சொல்லும். கீழ் சென்சார் எப்போது நிறுத்துவது என்று சொல்லும். சொட்டுவானுக்கு நேர் கீழே வைத்தால் எப்போதும் ஈரமே காட்டும்.

கெப்பாசிட்டிவ் சென்சாரின் மேல்பகுதியில் உள்ள மின்பாகங்கள் மண்ணுக்குள் போகக்கூடாது. கோட்டுக்கு மேலுள்ள பகுதியை வார்னிஷ் பூசி நீர் புகாமல் மூடுங்கள். கம்பிகளை எலி கடிக்காமல் பி.வி.சி. குழாயில் செலுத்துங்கள். மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டினால் அளவுகள் தாறுமாறாக ஆடும். விலக்கியே கொண்டு செல்லுங்கள். ராஸ்பெர்ரி பையின் செய்தி ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. 5 வோல்ட்டைத் தவறி இணைத்தால் அட்டை கெட்டுவிடும். மின்சாரம் அடிக்கடி நின்று வந்தால் கணினியின் நினைவு அட்டையும் பழுதாகும். சிறு பேட்டரி வைத்து ஓட்டுவது நல்லது. இடி மின்னல் நேரத்தில் வயல் கம்பியைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

முதல் பட்டம் முழுவதும் கணினி சொல்வதைக் கேட்டு வால்வை உங்கள் கையாலேயே திறங்கள். தானாக மோட்டார் ஓடும்படி செய்வதற்கு அவசரம் வேண்டாம்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

தனித்தனி வால்வு இல்லாத நிலத்தில் பல சென்சார்கள் வீண் செலவு. எந்தப் பகுதி காய்கிறது என்று தெரிந்தும் அங்கு மட்டும் நீர் விட வழியில்லாமல் போகும். 2004 முதல் 2007 வரை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 எக்டேரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்திய துல்லியப் பண்ணையத் திட்டம், சொட்டு நீரையும் நீர்வழி உரத்தையும் இப்பகுதிக்குப் பழக்கியது. அவ்வாறு பகுதி பிரித்துச் சொட்டு நீர் அமைத்துள்ள விவசாயிகளே இம்முறையால் முழுப் பயன் பெறலாம்.

அரை ஏக்கரில் ஒரே வால்வு வைத்திருப்பவருக்குக் கணினி தேவையில்லை. கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி போதும். மண்ணில் செருகினால் வண்ண விளக்குகள் எரியும். நீலம் நிறைந்த ஈரத்தையும், சிவப்பு உடனே நீர் தேவை என்பதையும் காட்டும். அதுவும் இல்லாதபோது ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் உண்டு; உதிர்ந்தால் நீர் வேண்டும்.

பலரும் பகுதி பிரித்துப் பயிரிடும் ஊர்களில் நான்கைந்து பேர் கூடி, முதலில் ஒருவர் தோட்டத்தில் நான்கு சென்சாருடன் தொடங்குவது செலவைக் குறைக்கும். மண் பரிசோதனைக்கும் நீர் அட்டவணைக்கும் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.

இறுதியாக ஒரு வார்த்தை. எத்தனை சென்சார் புதைத்தாலும் வாரம் ஒரு முறை களைக்கொத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சென்சாரின் அருகிலும் தோண்டிப் பாருங்கள். மிஷின் ஒன்று சொல்லி, செடி வேறொன்று சொன்னால் அன்றைக்குச் செடியின் பேச்சைக் கேட்டு நீர் விடுங்கள். பிறகு உட்கார்ந்து சீட்டுகளைச் சரிபாருங்கள்.